ஓட்டையைச் சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு?

2021 ஆகஸ்ட் இறுதியில், தாம்பரத்தைச் சேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் ரயில் டிக்கெட் எடுக்கப் போனபோது அதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டார். தம் கணக்குக்குள் இருந்தபடியே, முன்பின் தெரியாத பயணிகளின் பெயர், வயது, பி.என்.ஆர். எண், புறப்படும் நிலையம், பயணத் தேதி எல்லாவற்றையும் அவரால் பார்க்க முடிந்தது. நினைத்திருந்தால் அவர்களுடைய டிக்கெட்டை ரத்து செய்திருக்கலாம். ஏறும் நிலையத்தை மாற்றியிருக்கலாம். அவர்கள் பெயரில் சாப்பாடு ஆர்டர் செய்திருக்கலாம். எதையும் தொடாமல், மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதிப் போட்டார். சில நாட்களிலேயே ஓட்டை அடைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டி எழுதின. பாராட்டியது சரிதான். ஆனால் அந்த மாணவர் பாராட்டோடு வீட்டில் இருந்ததற்குக் காரணம் சட்டமா, அவருடைய நல்ல நேரமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தெளிவான பதில் கிடையாது.

அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 2010 ஆகஸ்ட் 21 அன்று அதிகாலையில், மும்பை போலீஸார் ஹைதராபாத்தில் ஒரு வீட்டுக்கு வந்தார்கள். அங்கே இருந்தவர் ஹரி கிருஷ்ண பிரசாத் வேமுரு. நெட் இந்தியா என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்திவந்த பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை எந்த வகையிலும் திருத்த முடியாது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு இயந்திரம் உலகில் உண்டா என்று பார்த்துவிடுவது அவர் தொழிலின் இயல்பு. 2009-ல் தேர்தல் ஆணையத்தின் அழைப்பின் பேரில் அவர் குழு டெல்லிக்குப் போனது. இயந்திரத்தை ஆராயத் தொடங்கியதும், தயாரிப்பு நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமை பாதிக்கப்படும் என்று காரணம் சொல்லிச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. 2010-ல் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் மூலம் ஓர் உண்மையான இயந்திரம் அவர் கைக்கு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோரும் அவரும் சேர்ந்து அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவுகளைக் காட்டும் பலகையை மாற்றி, உள்ளே சிறிய புளூடூத் பாகத்தை ஒளித்துவைத்து, கைப்பேசியிலிருந்தே எண்ணிக்கையை மாற்றிக் காட்டலாம் என்று நிரூபித்தார்கள். நினைவகச் சிப்பின் மேல் கவ்விக்கொள்ளும் ஒரு கருவியால் பதிவான வாக்குகளையே திருத்தலாம் என்றும் காட்டினார்கள். ஆய்வு பொதுவெளிக்கு வந்தது. போலீஸார் ஹரி பிரசாத்திடம் கேட்டது, இயந்திரத்தைக் கொடுத்தவர் யார் என்பதைத்தான். அவர் சொல்லவில்லை. இயந்திரத் திருட்டு வழக்கில் கைது செய்து காரிலேயே மும்பைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது. இயந்திரம் திருடப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும் இவரிடம் தீய நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்பது ஜாமீன் தந்த நீதிபதியின் கருத்து. அதே ஆண்டில், டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவருக்குத் தன் முன்னோடி விருதை அளித்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இயந்திரத்தில் ஓட்டை உண்டு என்று காட்டுவது வேறு, ஒரு தேர்தல் திருடப்பட்டது என்று சொல்வது வேறு. இரண்டாவதை அந்த ஆய்வு சொல்லவில்லை. இயந்திரத்தைக் கையால் தொட்டு மாற்றக் கிடைத்தால் மட்டுமே அவர்கள் காட்டியது நடக்கும். முத்திரை, காவல், கட்சி முகவர்களின் கண்காணிப்பு ஆகியவை அதைத் தடுக்கும் என்பது ஆணையத்தின் பதில். இயந்திரங்களும் அதன்பின் மாறியிருக்கின்றன. இந்த வாதத்தில் யார் பக்கம் நின்றாலும் சரி, வாதம் நடந்ததே ஒருவர் இயந்திரத்தைத் திறந்து பார்த்ததால்தான். 2013 அக்டோபர் 8 அன்று, சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், வாக்காளர் தம் வாக்கைத் தாளில் சரிபார்க்கும் விவிபாட் முறை நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று கூடுவாஞ்சேரியில் ஓட்டுப் போடுகிறவர் பொத்தானை அழுத்தியபின் சில விநாடிகள் கண்ணாடிக்குள் தெரியும் சீட்டைப் பார்க்கிறார். அந்தச் சீட்டு ஒரு தனி ஆய்வாளரால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் ‘அசைக்க முடியாதது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அது வந்திருக்காது.

கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் பலர் ஏன் குடிமக்களின் டிஜிட்டல் உரிமை பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புதிராக இருக்கலாம். அவர்கள் வேலையின் உள்ளே பார்த்தால் புதிர் விலகிவிடும். தாம்பரத்து மாணவர் கண்டுபிடித்த ஓட்டை மிக எளிமையானது. நம் கணக்குக்குள் நுழைந்து டிக்கெட்டைத் திறக்கும்போது, ‘இந்த எண்ணுள்ள பதிவைக் கொடு’ என்று நம் உலாவி தளத்தின் கணினியைக் கேட்கிறது. கேட்பவர் யார், அந்தப் பதிவு அவருடையதுதானா என்று கணினி சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பை எழுத மறந்துவிட்டால், எண்ணை மட்டும் மாற்றினால் போதும், அடுத்தவர் பதிவு வந்து நிற்கும். வங்கிக் கவுன்டரில் கணக்கு எண்ணைச் சொன்னவர் யாராக இருந்தாலும் பாஸ்புக்கை எடுத்து நீட்டும் குமாஸ்தாவைப் போன்றது இது. நிரல் எழுதியவருக்கு இது ஒரு பிழை. அதைக் கண்டவருக்கோ திரையில் தெரிவது ஒரு பெண்ணின் பெயர், வயது, அவர் எந்த ரயிலில், என்றைக்கு, எங்கிருந்து ஏறப்போகிறார் என்பது. தன் ஊரில் தன்னைத் தேடி அலையும் ஒருவனிடமிருந்து தப்பிப் போகிற பெண்ணாகவும் அவர் இருக்கலாம். ஒரு முறை அப்படிப் பார்த்துவிட்டவருக்குத் தனியுரிமை என்பது வெறும் சட்டப் புத்தகச் சொல்லாக இருக்க முடியாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆதார் வழக்கு நடந்தபோது, ஆதார் தரவுகள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்று அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார். கட்டடத்துக்குச் சுவர் தேவைதான். தரவு வெளியேறும் வழி பெரும்பாலும் சுவரில் இருப்பதில்லை. சரிபார்க்க மறந்த ஒரு வரி நிரலில், தாராளமாகப் பகிரப்பட்ட ஒரு கடவுச்சொல்லில், யாரோ ஒரு முகவரின் கணக்கில் இருக்கிறது. உரிமை இருக்கிறது என்று சொல்ல நீதிபதிகள் போதும். அந்த உரிமை ஒரு குறிப்பிட்ட தளத்தில், இன்றைய தேதியில் காக்கப்படுகிறதா என்று சொல்ல, அந்தத் தளத்தைச் சோதிக்கத் தெரிந்தவர் வேண்டும். அதனால்தான் சோதிப்பவரின் பாதுகாப்பை அவருடைய தனிப்பட்ட பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. அவர் வாயை அடைத்தால், நம் தரவுக்கு என்ன நடக்கிறது என்று அறியும் நம் வழியும் அடைபடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியை அணுகினாலே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. எதற்காக அணுகினார் என்று அது கேட்பதில்லை. 66-ஆம் பிரிவு, அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 70-ஆம் பிரிவின்படி அரசு ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்தவற்றை அத்துமீறி அணுகினால் பத்தாண்டு வரை சிறை. அணுக முயன்றாலும் அதே தண்டனைதான். ஆதாரின் மையத் தரவுக் களஞ்சியம் 2015-ல் அப்படி அறிவிக்கப்பட்டது. ஓட்டையை நல்லெண்ணத்தோடு கண்டுபிடித்துச் சொல்பவருக்கு இவற்றில் எங்கும் விலக்கு எழுதப்படவில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இல்லை. அந்தச் சட்டம், தரவைச் சரியாகக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தவறியதை முதலில் கண்டுபிடித்துச் சொல்லப்போகிறவர் யார் என்பதை அது யோசிக்கவே இல்லை.

தீய நோக்கம் இருந்தால்தானே 66-ஆம் பிரிவு பாயும், நல்லவர் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் நோக்கம் என்ன என்பது விசாரணையின் முடிவில்தான் தீர்மானமாகிறது. புகார், வழக்குப் பதிவு, மடிக்கணினியும் கைப்பேசியும் பறிமுதல், சில நேரம் கைது எல்லாம் தொடக்கத்திலேயே நடந்துவிடுகின்றன. ஹரி பிரசாத்திடம் தீய நோக்கம் தெரியவில்லை என்று நீதிபதி சொல்வதற்குள் அவர் ஒரு வாரம் காவலில் கழித்துவிட்டார். 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழி கிடைக்கிறது என்று தி ட்ரிப்யூன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. ஆதார் ஆணையத்தின் புகாரில் டெல்லி போலீஸார் பதிந்த முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. பிறகு கண்டனம் எழவே அரசு விளக்கம் அளித்தது. கண்டனம் எழுப்ப நாடறிந்த நாளிதழ் பின்னால் இல்லாத ஓர் இருபது வயது இளைஞருக்கு இதே நிலை வந்தால் யார் விளக்கம் அளிப்பார்கள்?

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: விலக்கு கொடுத்தால் பிடிபட்ட திருடன் ஒவ்வொருவனும் ‘நான் ஆய்வாளன்’ என்று சொல்வானே? சொல்வான். ஆனால் இருவரையும் பிரித்தறியும் தடயங்கள் இந்தத் துறையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு அணுகலும் கணினியின் பதிவேட்டில் நேரத்தோடு விழுகிறது. ஓட்டையை நிரூபிக்கத் தேவையான அளவோடு நிறுத்தினாரா, அல்லது லட்சக்கணக்கான பதிவுகளை அள்ளினாரா? உடனே எழுதினாரா, அல்லது பணம் கேட்டாரா? சரிசெய்ய அவகாசம் கொடுத்தாரா, அல்லது அன்றே கடைவிரித்தாரா? சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராமில் கண்டது நல்ல எடுத்துக்காட்டு. கடவுச்சொல்லை மறந்தவருக்குக் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணில் மொத்தம் பத்து லட்சம் சாத்தியங்கள். எண் பத்து நிமிடம் செல்லும். ஒரே முகவரியிலிருந்து பல முறை முயன்றால் தளம் தடுத்துவிடும். அவர் ஆயிரம் இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார், தளம் தடுக்கவில்லை. அதாவது ஐயாயிரம் முகவரிகளை வாடகைக்கு எடுக்கும் எவரும், 150 டாலர் செலவில், யாருடைய கணக்கையும் கைப்பற்றலாம். அவர் தளத்தின் உரிமையாளரான பேஸ்புக் நிறுவனத்துக்கு எழுதினார். அவர்கள் சரிசெய்துவிட்டு 30,000 டாலர் பரிசளித்தார்கள். ஒரு நிறுவனத்தால் திருடனையும் ஆய்வாளரையும் பிரித்துப் பார்க்க முடிகிறபோது, ஒரு நாட்டின் சட்டத்தால் முடியாது என்பதை ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மற்ற நாடுகள் அதைச் செய்யத் தொடங்கிவிட்டன. நெதர்லாந்து 2013-லேயே பொறுப்பான முறையில் ஓட்டைகளைத் தெரிவிப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதத்தில், நல்லெண்ண ஆய்வு செய்வோர் மீது அந்நாட்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்று தன் வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல் தந்தது. பெல்ஜியம் 2023-ல் ஒரு படி மேலே போய், நிபந்தனைகளோடு கூடிய பாதுகாப்பைச் சட்டமாகவே ஆக்கியது. தேவைக்கு மேல் எதையும் தொடக் கூடாது, கண்டதும் தெரிவிக்க வேண்டும், அனுமதி இல்லாமல் பொதுவில் வெளியிடக் கூடாது என்று அதில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆய்வாளருக்கு முழுச் சுதந்திரம் இல்லை. ஆனால் எங்கே கோடு இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிகிறது, அது பெரிய நிம்மதி. நம் அரசும் இதை அறியாததல்ல. ஆரோக்கிய சேது செயலியின் நிரலை 2020 மே மாதத்தில் பொதுவில் வைத்து, ஓட்டை கண்டுபிடிப்போருக்குப் பரிசும் அறிவித்தது. ஆனால் ஒரு செயலிக்கு ஒரு முறை கொடுத்த அழைப்பு, ஆயிரக்கணக்கான அரசுத் தளங்களுக்கான விதியாக மாறவில்லை.

செர்ட்-இன் இருக்கிறதே, போதாதா? அந்த அமைப்பு புகார்களை வாங்கி, சம்பந்தப்பட்டவரிடம் சேர்த்து, திருத்தச் சொல்கிறது. தாம்பரத்து மாணவரின் கடிதம் அதற்கு நல்ல சான்று. ஆனால் தளத்தின் உரிமையாளர் போலீஸில் புகார் கொடுப்பதை அது தடுக்க முடியாது. 2023 நவம்பரில் அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தும் விலக்கப்பட்டது. நம் தரவு கசிந்த தளம் எது, எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று அதனிடம் மனு போட்டுக் கேட்கும் வழி நமக்கு இப்போது அடைபட்டிருக்கிறது. அப்படியானால் வெளியே இருந்து பார்த்துச் சொல்லும் ஆய்வாளரின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

தொலைதூர விஷயமாக இது தோன்றினால், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ரேஷன் கார்டை எடுத்துப் பார்க்கலாம். 2021-ல் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டப் பயனாளிகளின் விவரங்கள், 49 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆதார் எண்களோடு, இணையத்தின் திருட்டுச் சந்தையில் வந்ததாக டெக்னிசாங்க்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. நாம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே அவர்கள் சொல்லித்தான். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகள் உட்படப் பல விவரங்கள் டெலிகிராம் வழியாகக் கிடைப்பது வெளியே தெரிந்தது. பிரிட்டனில் இருந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குத் தெரிவித்ததால் வந்த செய்தி அது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இரண்டிலும் திருடியவன் வேறு, நமக்குத் தெரிவித்தவர் வேறு. தெரிவிப்பவர்கள் பயந்து ஒதுங்கினால் திருட்டு நிற்காது. திருட்டு போனது மட்டும் நமக்குத் தெரியாமல் போகும்.

தென்சென்னைப் புறநகருக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். வண்டலூரிலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன. காட்டாங்கொளத்தூரிலும் பொத்தேரியிலும் காலை மின்சார ரயிலில் இறங்கும் மாணவர்களில் கணினிப் பாதுகாப்பைப் படிப்பவர்கள் ஏராளம். கூடுவாஞ்சேரியில் குடியிருந்து மகேந்திரா சிட்டிக்கும் சிறுசேரிக்கும் போகிறவர்களில் பலர் அயல்நாட்டு வங்கிகளின் பாதுகாப்பைச் சம்பளத்துக்குச் சோதித்துக் கொடுக்கிறார்கள். சொந்த ஊர் நகராட்சியின் சொத்துவரித் தளத்தில் அதே மாதிரி ஓட்டை கண்ணில் பட்டால், அவர்களில் அனுபவமுள்ளவர் பெரும்பாலும் பக்கத்தை மூடிவிட்டுப் போவார். ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று அவர் நினைப்பதில் தவறு சொல்ல முடியாது. சட்டம் அவரை அப்படித்தான் நினைக்க வைக்கிறது. அனுபவமில்லாத மாணவர்தான் துணிந்து எழுதுவார். ஆபத்தின் முழு அளவும் அவருக்கே தெரியாது.

மத்தியச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும், அதற்கு நாளாகலாம். ஆனால் தமிழ்நாடு அரசு காத்திருக்க வேண்டியதில்லை. 2020-லேயே தனக்கென ஒரு இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்ட மாநிலம் இது. தன் தளங்களின் உரிமையாளர் அரசே என்பதால், 43-ஆம் பிரிவு கேட்கும் ‘அனுமதி’யை அரசே எழுத்தில் கொடுக்கலாம்: இந்த வரம்புக்குள் சோதிக்கலாம், இந்த முகவரிக்கு எழுத வேண்டும், இத்தனை நாளில் பதில் வரும், வரம்பை மீறாதவர் மீது அரசு புகார் கொடுக்காது. ஓட்டையைத் தெரிவிக்க வேண்டிய முகவரியைத் தளத்திலேயே ஒரு சிறு கோப்பாக வைக்கும் ஒரு பொது முறையும் 2022-லேயே இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாக வந்துவிட்டது. அதைச் செய்ய ஒரு பிற்பகல் போதும். ரேஷன், பட்டா, சொத்துவரி ஆகிய மூன்று தளங்களில் மட்டுமாவது இதைத் தொடங்கும்படி உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகராட்சி ஆணையருக்கும் எழுதுங்கள். அந்த அனுமதி வரும்வரை, இந்தத் துறையில் கால் வைத்திருக்கும் மாணவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் சோதியுங்கள்; அடுத்தவர் பதிவு ஒன்று தெரிந்த கணமே நிறுத்திவிடுங்கள்; எதையும் சேமிக்காமல் செர்ட்-இன்னுக்கு எழுதி, அந்தக் கடிதத்தின் நகலைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.